மருதமலை அடிவாரத்து வரவு செலவு: கட்டடத்துக்குக் காசு இருக்கு, சம்பளத்துக்கு?

காந்திபுரத்தில் மருதமலை பஸ் ஏறி உட்கார்ந்தால், வடவள்ளி தாண்டியதும், கோயில் வருவதற்கு முன்பே பாரதியார் பல்கலைக்கழக ஸ்டாப் வந்துவிடும். சுமார் ஆயிரம் ஏக்கர் வளாகம். மலையைப் பின்னணியில் வைத்து போட்டோ எடுத்தால் எந்த வெளிநாட்டு கேம்பஸுக்கும் குறைவில்லாமல் இருக்கும்.

அதே பஸ்ஸின் முதுகில் என்ன விளம்பரம் இருக்கும்? பெரும்பாலும் ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் விளம்பரம்தான். கண்ணாடிக் கட்டடம், நீச்சல் குளம், ஏசி வகுப்பறை. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் கோவை, ஈரோடு, நாமக்கல் சாலைகளில் துணிக்கடை விளம்பரத்துக்குப் போட்டியாகக் கல்லூரி விளம்பரம் நிற்கும்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் கல்லூரி ஞாபகம் வரும். நான் படித்தது ஊடகவியல். வகுப்பில் 42 பேர். துறையில் இருந்தது மூன்று கேமரா, அதில் ஒன்று ரிப்பேர். இரண்டு வருடம் அது ரிப்பேராகவே இருந்தது. அதே இரண்டு வருடத்தில் கல்லூரி வாசலில் புதிதாக ஒரு ஆர்ச் கட்டி, விழா நடத்தி, கல்வெட்டு வைத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஏன்னா, இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை. கேமரா ரிப்பேருக்கு யாரும் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால் அதற்குப் பணமும் வராது.

உயர்கல்வியில் பணமே இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். ஒருமுறை செய்யும் செலவுக்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. மாதாமாதம் வரும் செலவுக்குத்தான் வருவதில்லை. நம் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடியை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் வாதம். எப்படி என்று பார்ப்போம்.

கொங்குப் பகுதியில் கல்விக்குப் பணம் எப்படி வந்தது?

இந்த ஊருக்கு ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர் சொத்தைப் பிரித்தபோது, ஐந்து பங்காகப் பிரித்து ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். அப்படித்தான் 1926-ல் பி.எஸ்.ஜி அறக்கட்டளை பிறந்தது. 1945-ல் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-ல் பி.எஸ்.ஜி டெக், 1956-ல் சி.ஐ.டி, 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி என வரிசையாக வந்தன. பஞ்சாலையிலும் பம்பு செட்டிலும் சம்பாதித்த பணம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு கல்லூரிக்குச் சொத்தை எழுதிவைத்தால், அந்தச் சொத்தின் வருமானம் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். கட்டடத்துக்கும் வழி இருந்தது, சம்பளத்துக்கும் வழி இருந்தது.

1984-க்குப் பிறகு கதை மாறியது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு அனுமதி தந்தது. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி, சரவணம்பட்டியில் குமரகுரு கல்லூரி எல்லாம் அந்த ஆண்டு தொடங்கியவைதான். இதனால் நன்மை இல்லாமல் இல்லை. விவசாயம், தறி, லாரித் தொழில் பார்த்த குடும்பங்களில் முதல் இன்ஜினீயர் உருவானது இப்படித்தான். ஆனால் சம்பளம், கரண்ட் பில், கடன் தவணை எல்லாமே மாணவர் கட்டும் ஃபீஸை நம்பி நிற்கும் முறை அப்போதுதான் வேரூன்றியது. அரசுப் பல்கலைக்கழகமும் கொஞ்சம் கொஞ்சமாக அதே பாதையில் போனது.

சரி, ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையமாக இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு ஆண்டுதோறும் ஒரு மானியம் தருகிறது. அது மொத்தச் செலவுக்குப் போதாது. மீதியை ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இணைப்புக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம். இரண்டு, தேர்வுக் கட்டணம். மூன்று, தொலைநிலைக் கல்வி. நீங்கள் கட்டிய அரியர் ஃபீஸ், மறுமதிப்பீட்டு ஃபீஸ் எல்லாம் இரண்டாவதில் சேரும். ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கும், ஓய்வுபெற்ற ஒரு கிளார்க்கின் பென்ஷனுக்கும் உங்கள் அரியர் பேப்பர் உதவியிருக்கிறது என்று சொன்னால் அது முழுக்க ஜோக் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. கல்லூரியில் ஆசிரியர் இருக்கிறாரா, லேப் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, இல்லையென்றால் அனுமதியை நிறுத்த வேண்டியது பல்கலைக்கழகத்தின் வேலை. அந்தக் கல்லூரி கட்டும் பணத்தில்தான் பல்கலைக்கழகமே ஓடுகிறது. கல்லூரிகள் கூடினால் வருமானம் கூடும், குறைந்தால் குறையும். தப்பு செய்கிறவரிடமே சம்பளம் வாங்கும் வாட்ச்மேன் எவ்வளவு கண்டிப்பாக இருக்க முடியும்?

இந்த மூன்று வழியும் ஏன் அடைபடுகிறது?

முதலில் தொலைநிலைக் கல்வி. ஒரு காலத்தில் பாரதியாரின் படிப்பு மையங்கள் தமிழ்நாட்டைத் தாண்டியும் இருந்தன. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று 2013-ல் யுஜிசி உறுதியாக அறிவித்தது. மாணவர்கள் ஏமாறக் கூடாது என்ற நோக்கில் அது நியாயமான முடிவுதான். ஆனால் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய ஓட்டை விழுந்தது.

அடுத்து தேர்வுக் கட்டணம். ஒரு கல்லூரி தன்னாட்சி பெற்றால் தேர்வைத் தானே நடத்தும், தேர்வுக் கட்டணத்தையும் தானே வாங்கும். பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் கொடுக்கும். கோவையின் பெரிய கல்லூரிகள் பலவும் தன்னாட்சிக் கல்லூரிகள். நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒவ்வொன்றாக வெளியே போகப் போக, பல்கலைக்கழகத்திடம் மிஞ்சுவது சின்னக் கல்லூரிகள்தான். தேசியக் கல்விக் கொள்கை 2020 இன்னும் ஒரு படி மேலே போய், இணைப்பு முறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாக முடித்துவிடச் சொல்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் பெருகுவது அதற்காக நிற்கப் போவதில்லை.

மூன்றாவது, யாரும் அதிகம் பேசாத விஷயம்: பிள்ளைகளின் எண்ணிக்கை. மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-ல் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4. அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைகூட இல்லை. அன்று பிறந்த குழந்தை 2038 வாக்கில் கல்லூரி வாசலுக்கு வரும். கவுன்சலிங்கில் காலியிடங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். 500-க்கும் மேல் இருந்த பொறியியல் கல்லூரிகளில் பல மூடியேவிட்டன. எதிர்காலத்தில் மாணவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் என்று நம்பிக் கட்டும் ஒவ்வொரு பிளாக்கும் ஒரு சூதாட்டம்தான்.

செலவு மட்டும் ஏன் குறையவில்லை?

1982-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் ஆரம்ப காலத்தில் 25, 30 வயதில் சேர்ந்தவர்கள் 2010-க்குப் பிறகு வரிசையாக ஓய்வு பெற்றார்கள். 2003 ஏப்ரலுக்கு முன்பு சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுக்குப் பழைய பென்ஷன். அது அவர்கள் உழைத்து வாங்கிய உரிமை, சலுகை இல்லை. ஆனால் அந்தப் பணத்தை 30 வருடம் முன்பிருந்தே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். எத்தனை பல்கலைக்கழகங்கள் தேவையான அளவுக்கு வைத்தன?

கட்டடமும் அப்படித்தான். கட்டும்போது மத்திய அரசுத் திட்டத்தில் பணம் வரும், மாநில அரசும் தரும், சில நேரம் நன்கொடையாளர் தருவார். திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து கரண்ட், தண்ணீர், பெயின்ட், லிஃப்ட், செக்யூரிட்டி எல்லாம் பல்கலைக்கழகத்தின் சொந்தச் செலவு. ஒரு கருவிக்கு லட்சக்கணக்கில் பணம் ஒதுக்குவார்கள். அதை இயக்கும் டெக்னீஷியன் பணியிடம் காலியாக இருக்கும்.

கடைசியில் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்? ஆசிரியர் சம்பளத்தில். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளரைப் போடுகிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50 ஆயிரம் ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-ல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் அவர்களுக்குச் சம்பளம் 25 ஆயிரமாக உயர்ந்ததே 2024-ல்தான். அதுவும் வருடத்துக்கு 11 மாதம். பிஎச்.டி முடித்து, நெட் பாஸ் செய்து, 40 வயதில் 25 ஆயிரம். திருப்பூரில் ஒரு நல்ல டெய்லர் சீசனில் இதைவிட அதிகம் சம்பாதிப்பார். டெய்லரின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லைங்க. ஆனால் நம் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர், வீட்டு வாடகைக்காக மாலையில் வேறு வேலைக்கு ஓடினால், மறுநாள் வகுப்பு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

இது வெறும் பயமா? ஏற்கெனவே நடந்ததா?

நடந்திருக்கிறது. ஒரு முறை இல்லை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. தொலைநிலைக் கல்வியில் நாட்டுக்கே முன்னோடி. வருமானம் வந்த காலத்தில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஊழியர் எண்ணிக்கை 12 ஆயிரத்தைத் தாண்டியது. 2012-ல் சம்பளக் குறைப்புப் பேச்சு வந்ததும் போராட்டம் வெடித்தது. 2013-ல் அரசு சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. உபரி ஊழியர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பவேண்டி வந்தது.

1966-ல் தொடங்கிய மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் பென்ஷனும் நேரத்துக்கு வராமல் 2024-ல் பேராசிரியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இன்னும் விநோதம். 2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஏன் வரி? பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்குத்தான் அந்தப் பிரிவில் வரிவிலக்கு. அரசு தந்த பணம் மொத்த வருமானத்தில் பாதிக்கும் குறைவு என்பது வரித் துறையின் வாதம். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாநில அரசு போதுமான பணம் தரவில்லை. அதனால் மாணவர்களிடம் வாங்கிப் பிழைத்தார்கள். மாணவர்களிடம் அதிகம் வாங்கியதால் ‘நீங்கள் அரசு நிறுவனம் மாதிரி இல்லையே’ என்று மத்திய அரசின் துறை வரி கேட்கிறது.

பாரதியாருக்கு இந்த நிலை இன்னும் வரவில்லை. ஆனால் மூன்று இடங்களிலும் நோய் ஒன்றுதான். வருமானம் தற்காலிகமானது, செலவு நிரந்தரமானது. அந்த நோயின் அறிகுறிகள் இங்கேயும் இருக்கின்றன.

கணக்கைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

2018 பிப்ரவரியில், உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாகப் பாரதியாரின் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. ஒரு நிரந்தர வேலைக்கு அப்படி ஒரு விலை பேசப்பட்டதாகப் புகார் எழுவதே நிரந்தர வேலை எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

2022 அக்டோபரில் அடுத்த துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்ற சண்டையில் ஆண்டுக்கணக்கில் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகத்தை நடத்தியது. அன்றாடக் கோப்பில் கையெழுத்துப் போட குழு போதும். ‘அடுத்த 20 வருடத்தில் பென்ஷனுக்கு என்ன செய்வது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு முழுநேரத் தலைமை வேண்டும்.

ஃபீஸை ஏத்திட்டா முடிஞ்சுதே?

இப்படி ஒரு வாதம் உண்டு. தனியாரில் லட்சம் லட்சமாகக் கட்டுகிறார்கள், இங்கே கொஞ்சம் கூட்டினால் என்ன என்று கேட்பார்கள். இங்கிலாந்தைப் பாருங்கள். உள்நாட்டு மாணவர் கட்டணம் 2017-லிருந்து 9,250 பவுண்டில் நின்றது. விலைவாசி ஏறியது. பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களை நம்பின. விசா விதி இறுகியதும் அவர்கள் வரத்து குறைந்தது. 2025-ல் கட்டணத்தை 9,535 ஆக உயர்த்திய பிறகும் துறைகளை மூடுவதும் ஆட்குறைப்பும் நிற்கவில்லை. நம் ஊரிலிருந்து வீட்டை அடமானம் வைத்து அங்கே போனவர்களுக்கு இது தெரியும். ஃபீஸ் மட்டுமே தூண் என்றால், அந்தத் தூண் எப்போது ஆடும் என்பது நம் கையில் இல்லை.

நியூயார்க்கின் கூப்பர் யூனியன் இன்னொரு பாடம். நூறு வருடத்துக்கும் மேலாகக் கல்விக் கட்டணமே இல்லாமல் நடந்த கல்லூரி. 17.5 கோடி டாலர் கடன் வாங்கியது, 2009-ல் பிரமாதமான புதுக் கட்டடம் திறந்தது. ஐந்தே வருடத்தில், 2014-ல், மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதலீட்டு நஷ்டம் உள்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கடனின் வட்டி பெரிய சுமை. இலவசக் கல்வியைத் திரும்பக் கொண்டுவர இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் இங்கே முன்வைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற அது வழி விட்டது. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் அப்படி மாறினால் இட ஒதுக்கீடு, குறைந்த ஃபீஸ், ஆசிரியர் பணியிடம் எல்லாம் என்னாகும் என்று எதிர்ப்பு எழுந்தது. சில நாளிலேயே அரசு மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லிப் பின்வாங்கியது. உதவி பெறும் கல்லூரிகள் அதிகமுள்ள கோவைக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டம் எல்லாம் இருக்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியதே கோவை அரசுக் கலைக் கல்லூரியில்தான். உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் சராசரி 28.4 சதவீதமாக இருந்த 2021-22-ல் தமிழ்நாடு 47 சதவீதம். இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இவை எல்லாம் மாணவரை வாசல் வரை கொண்டுவரும் பணம். உள்ளே வகுப்பறையில் நிற்க வேண்டிய ஆசிரியருக்கான பணம் தனி. அதில்தான் நாம் பின்தங்குகிறோம்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? மூன்று விஷயம்.

ஒன்று, நிரந்தரப் பணியிடங்களின் சம்பளத்தையும் பழைய பென்ஷனையும் மாநில அரசு முழுதாக ஏற்க வேண்டும். ‘நெருக்கடி வந்தால் சிறப்பு நிதி’ என்ற தீயணைப்பு முறை போதாது. இதற்குப் பெரிய தொகை ஆகும். ஆனால் பல்கலைக்கழகம் கவிழ்ந்த பிறகு தூக்கி நிறுத்த ஆகும் செலவு அதைவிட அதிகம் என்பதைச் சிதம்பரம் காட்டிவிட்டது.

இரண்டு, புதுக் கட்டடம் எதுவானாலும், அதற்கு ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்று எழுதிக் காட்டாமல் அனுமதி தரக் கூடாது. வீடு கட்டும்போது நம் அப்பா அம்மா போடுகிற கணக்குதானே இது.

மூன்று, வரவு செலவைத் தமிழில், சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு ஆண்டும் இணையதளத்தில் போட வேண்டும். தேர்வுக் கட்டணமாக எவ்வளவு வந்தது, தேர்வு நடத்த எவ்வளவு ஆனது, மீதி எங்கே போனது என்பது அதைக் கட்டியவருக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்த சீசனில் கேம்பஸ் பார்க்கப் போவீங்க. நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். பாருங்கள், தப்பில்லை. கூடவே இந்த நான்கையும் கேளுங்கள்: உங்கள் பிள்ளை சேரும் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? போன வருடம் அந்தத் துறையில் எத்தனை சீட் காலி? லேபில் வேலை செய்யாமல் கிடக்கும் கருவி எத்தனை?

நான் சேர்ந்தபோது என் அப்பா இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாடு நல்லா இருக்குமாங்க என்று மட்டும் கேட்டார்.